ஊருக்கு ஒரு மாமா, உட்கார ஒரு மடி

வேலு,

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நான் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுபோனேன் அல்லவா? நீகூட "அம்மா, ஸ்டக் ஆயிருச்சு, கட் பண்ணிட்டு மறுபடி கூப்பிடுறேன்" என்றாயே? ஒன்றும் ஸ்டக் ஆகவில்லை. பூம்பாறையில் அன்றைக்குக் கிடைத்த மாதிரி சிக்னல் என் ஆயுசில் கிடைத்ததில்லை. நானேதான் மூச்சைப் பிடித்து, கண்ணைக்கூடச் சிமிட்டாமல், படம் நின்றுபோன மாதிரி உட்கார்ந்திருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் நம்ம வீட்டுச் சேவல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துபோனது. பாதி வழியில் நின்று காமிராவை ஒரு பார்வை வேறு பார்த்தது. நீ கவனிக்கவில்லை. நீ கட்டிக்கொள்ளப்போகிற நினோ கவனித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அவள் சிரித்தது எனக்குத் தெரிந்தது. ஆனால் நான்தான் நின்றுபோயிருக்கிறேனே, எப்படித் திருப்பிச் சிரிப்பது? கெட்டிக்காரப் பெண். இவளிடம் பொய் சொல்லி நீ பிழைக்க முடியாது. இது முதல் புத்திமதி, எழுதி வைத்துக்கொள்.

நான் ஏன் நின்றுபோனேன் என்றால் அவளுடைய அப்பா கேட்ட கேள்வி அப்படி. நல்ல மனுசன். பார்க்கத்தான் பஸ்ஸை மறித்து டிக்கெட் பரிசோதிக்கிற ஆள் மாதிரி இருக்கிறார், கேள்வியெல்லாம் பணிவாகத்தான் கேட்கிறார். அவர் ஜார்ஜியா பாஷையில் கேட்டதை நீ தமிழில் சொன்னாய்: "அம்மா, இவங்க பாஷையில மாமான்னா அப்பா. நம்ம பாஷையில அம்மாகூடப் பொறந்தவருதான் மாமான்னு நான் சொல்லியிருக்கேன். கல்யாணத்துல அவருக்குத்தான் முதல் மரியாதைன்னும் சொல்லியிருக்கேன். அதான், 'நானும் ஒரு மாமா, அவரும் ஒரு மாமா, ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னுக்கிடலாமா'ன்னு கேக்குறாரு." சொல்லி முடிக்கும்போது உன் குரல் கொஞ்சம் இறங்கியது. இறங்காமல் என்ன செய்யும்? மன்னவனூரில் இருக்கிற என் தம்பி பாண்டி, உன் ஒரே தாய்மாமன், இருபத்து நான்கு வருசமாக நம் வாசலை மிதிக்கவில்லை. அச்சகத்தில் உன் கல்யாணப் பத்திரிகையில் 'தாய்மாமன்' என்று போட்டு, பக்கத்தில் காலியாக விட்டு வைத்திருக்கிறார்கள். மாமன் மாலை எடுத்துப் போடாமல் நீ மணையில் போய் உட்காரவும் முடியாது. இந்த லட்சணத்தில் எந்த மாமா பக்கத்தில் எந்த மாமா நிற்பது?

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். சொன்னால் நீ நடுவில் புகுந்து "சரிம்மா, சரிம்மா, விடும்மா" என்பாய். நான் விட்டுவிடுவேன். இத்தனை வருசமும் அப்படித்தான் விட்டோம். காகிதம் என்றால் நடுவில் பேச முடியாது பார். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள் எழுதுகிறேன், கொம்பு, கால் எங்காவது இடம் மாறிக் கிடந்தால் நீயே எடுத்துச் சரியாக வைத்துக்கொள். முடித்ததும் பக்கம் பக்கமாக போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். நினோவுக்கும் படித்துச் சொல். அவளுக்குத் தெரியாமல் மறைக்க இதில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் அவள்தான் கண்டுபிடித்துவிடுவாளே.

கொடைக்கானலில் நான் சமையலுக்குப் போய்க்கொண்டிருந்த கெஸ்ட் ஹவுசில் நீ செய்த சோலி உனக்கு நினைவிருக்கிறதா? பள்ளிக்கூடம் லீவு விட்டால் உன்னையும் கூட்டிக்கொண்டு போவேன். வேறு பிள்ளைகள் வெள்ளைக்காரர்களைக் கண்டால் சாக்லேட் கேட்பார்கள், பேனா கேட்பார்கள். நீ நேராகப் போய், "உங்க பாஷையில மாமான்னா என்ன?" என்று கேட்பாய். அரைகுறை இங்கிலீஷில்தான் கேட்பாய், ஆனால் பதில் வாங்காமல் நகர மாட்டாய். வந்து அடுப்படியில் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாய். நான் அதை ஒரு விளையாட்டு என்று நினைத்தேன். சில பையன்கள் தீப்பெட்டிப் படம் சேர்ப்பார்கள், என் மகன் மாமா சேர்க்கிறான் என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். சேர்க்கிறவனிடம் சொந்தமாக ஒன்றும் இல்லை என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

டெல்லியிலிருந்து வந்த ஒரு அம்மாளிடம் கேட்டாய். அவர்களுக்கும் மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்தவர்தான், நம்ம மாதிரியே. ஆகா, நம்ம ஆள் என்று நானும் உற்சாகமாகி, "எங்க ஊர்ல பொண்ணு தன் மாமாவையே கட்டிக்கிடும்ங்க" என்றேன். மேனேஜர் அதை இந்தியில் சொன்னார். அந்த அம்மாள் ஸ்பூனைக் கீழே போட்டுவிட்டார்கள். அங்கே மாமா என்றால் கிட்டத்தட்ட அப்பாவுக்குச் சமமாம், அவர் மகளைக்கூடக் கட்டக்கூடாதாம். மாமனாருக்கு வேறு பெயர், அத்தை புருசனுக்கு வேறு பெயர். ஆளுக்கு ஒரு பெயர் என்று அங்கே தாராளமாகக் கிடக்கிறது. நம்ம பாஷையில்தான் பாவம், ஒரே மாமா எல்லாச் சோலியையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அம்மாவின் தம்பியும் மாமா, அத்தையின் புருசனும் மாமா, பெண்ணைக் கொடுத்தவரும் மாமா, கட்டின புருசனும் மாமா, வழியில் ஹெல்மெட் எங்கே என்று மறிக்கிறவரும் மாமா.

கென்யாவிலிருந்து ஒரு டீச்சரம்மா வந்து ஒரு மாதம் தங்கியிருந்தார்களே, அவர்கள் ஊரில் மாமா என்றால் அம்மா. பெற்ற அம்மா மட்டும் இல்லை, மதிக்கிற பொம்பளை யாராக இருந்தாலும் மாமாவாம். பிள்ளை பெயரையும் சேர்த்துக் கூப்பிடுவார்களாம். நம்ம தெருவில் என்னை 'வேலு அம்மா' என்பார்கள், பிள்ளை முன்னால், அம்மா பின்னால். அவர்கள் பாஷையில் அம்மாதான் முதலில் வருவாள். அதனால் தினமும் காலையில் அடுப்படிக்குள் தலையை நீட்டி, "மாமா வேலு! டீ!" என்பார்கள். உங்க அப்பா அன்றைக்குக் கீரைக்கட்டு கொடுக்க வந்தவர் இதைக் கேட்டுவிட்டு, "ஒன்னைய எதுக்கு மாமாங்கிறாங்க? அப்ப நான் யாரு?" என்றார். இன்னும் அவருக்கு அது தீரவில்லை.

ஆனால் எனக்கு மறக்காதது அந்த ஜப்பான்காரர்தான். அவருக்கு இங்கிலீஷ் உன்னைவிடக் குறைச்சல். நீ கேட்டதும் கொஞ்ச நேரம் யோசித்தார். போய் ஜன்னலைத் திறந்தார். திறந்த ஜன்னலை மூடாமல் தள்ளி வந்து நின்று, அதைக் காட்டி "மாமா" என்றார். உனக்குப் புரியவில்லை. அடுத்து ஷூவைக் கழற்றாமல் கட்டிலில் ஏறி மல்லாக்கப் படுத்து, காலை ஆட்டிக் காட்டி "மாமா" என்றார். பனியில் ஆளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நான் மேனேஜரைக் கூப்பிட ஓடினேன். கடைசியில் பார்த்தால், அவர்கள் பாஷையில் மாமா என்பது ஆளே இல்லை. 'அப்படியே' என்று அர்த்தமாம். ஜன்னல் திறந்த மாமா, ஷூ போட்ட மாமா என்று செய்கைக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளுமாம். ஒன்றைச் செய்துவிட்டு, இல்லை செய்யாமல், அப்படியே கிடக்கவிட்டால் அதற்குப் பெயர் மாமா. அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது நினைத்தால் அந்தப் பாஷைக்காரர்கள் என் தம்பியைப் பற்றித்தான் அந்த வார்த்தையை உண்டாக்கியிருப்பார்கள் போலிருக்கிறது. பேசாத மாமா. இருபத்து நான்கு வருசமாகப் பேசாத மாமா.

இன்னொன்றும் நான் ஒத்துக்கொள்ள வேண்டும். உனக்கு நாலு வயசிருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அதன் மாமா டவுசர் எடுத்துக்கொண்டு வந்தார். நீ வந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "என் மாமா எங்க?" என்றாய். நான் அப்போது உங்க அப்பாவிடம் "மாமா, சோறு போடவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். வாய்க்கு வசதியாக இருந்தது. "இந்தா உக்காந்திருக்காரே" என்று உங்க அப்பாவைக் கையைக் காட்டிவிட்டேன். நீ போய்ப் பால்வாடியில் "எங்கப்பாதான் எங்க மாமா" என்று சொல்லியிருக்கிறாய். டீச்சர் வீடு தேடி வந்து, "இது என்னங்க முறை?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நீ ஜார்ஜியாவுக்குப் போய் நினோவைப் பார்த்து, "அம்மா, இவ பாஷையில மாமான்னா அப்பாம்மா" என்று சந்தோசமாகப் போன் செய்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பொய் உண்மையாக இருக்கிற ஊரைத் தேடிப் பிடித்துவிட்டானே என்றுதான் இருந்தது.

அங்கே அப்பாமார் பிள்ளையைக் கூப்பிடும்போதும் 'மாமா' என்றே கூப்பிடுவார்கள், நினோவை அவள் அப்பா "வா மாமா" என்கிறார், அப்பாவே மகளை அப்பா என்கிறாரே என்று நீ ஆச்சரியப்பட்டாய். ஏலே, இதில் என்ன ஆச்சரியம் கெடக்கு? நான் உன்னிடம் "சாப்பிடுப்பா" என்கிறேன், "வெரசா வாப்பா" என்கிறேன். நீ என்ன எனக்கு அப்பாவா? நினோவிடம் பேசினால் "வாம்மா" என்பேன். பிரியம் கூடினால் வார்த்தை திரும்பி நின்றுகொள்ளும் போலிருக்கிறது. நாம் வினைக்குப் பின்னால் ஒட்டவைக்கிறோம், அவர்கள் தனியாக வைக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இந்த ஒரு விசயத்தில் சம்பந்தி நமக்கு வெகு பக்கம்.

சரி, சுற்றி வளைத்தது போதும். உன் காதுகுத்துக்கு மாமா வரவே இல்லை என்று உனக்குச் சொல்லி வளர்த்தேனே, அது பொய். வந்தான். தாமதமாக வந்தான். தாமதத்துக்கும் அவன் காரணம் இல்லை.

அன்றைக்கு மழை விட்டிருந்தது. கோயில் வாசலில் எல்லோரும் கூடியாகிவிட்டது. மொட்டை போட்டுச் சந்தனம் பூசி உன்னை உட்கார வைத்திருந்தோம். பாண்டி மட்டும் வரவில்லை. மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், அது உனக்கும் தெரியும், இங்கே மூன்று வயசுப் பிள்ளைக்கும் தெரியும். ஆசாரிக்குப் பண்ணைக்காட்டில் இன்னொரு காதுகுத்து, பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று ஊசியைத் துடைத்துத் துடைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். உங்க அப்பா, "இன்னும் அரை மணி நேரம் பாப்போம், மச்சான் வராம இருக்க மாட்டாரு" என்றார். நான்தான் கேட்கவில்லை. அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கிறது, நீ அழுகிறாய், ஆசாரி முறைக்கிறார். "யாரு மடியில உக்காந்தா என்ன? குத்தப்போறது காதுலயா, மடியிலயா?" என்றேன். கூட்டமே சிரித்தது. கூட்டம் சிரித்தால் எனக்குத் தலைகால் புரியாது, உனக்குத்தான் தெரியுமே. உங்க பெரியப்பாவைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, அவர் மடியில் உன்னைத் தூக்கிப் போட்டேன். மாமன் உட்கார வேண்டிய இடத்தில் பங்காளி! பெரியப்பாவே, "இது சரியா வருமாம்மா?" என்று கேட்டார். அதற்குள் ஆசாரி இரண்டு காதையும் முடித்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் வளைவில் மேளச் சத்தம் கேட்டது. பாண்டி வந்துகொண்டிருந்தான். வழியில் ரோட்டுக்குக் குறுக்கே மரம் சாய்ந்துவிட்டதாம். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, ஏழு சீர்த்தட்டையும் ஆளுக்கு ஒன்றாகத் தலையில் வைத்து, ஒரு கிடாயையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடந்தே வந்திருக்கிறார்கள். வேட்டியெல்லாம் சேறு. பெரியப்பா மடியில் நீ காதில் ரத்தப்பொட்டோடு கத்திக்கொண்டிருந்ததை அவன் பார்த்தான். அப்படியே திரும்பினான். அவன் பின்னால் ஏழு தட்டும் திரும்பியது. மேளக்காரருக்கு நிறுத்துவதா அடிப்பதா என்று தெரியவில்லை போல, அடித்துக்கொண்டே போனார். நான் சொன்ன அந்த வாசகம் அன்று சாயங்காலமே மன்னவனூருக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு நான் ஒரு தடவை போய் நின்றிருந்தால் முடிந்திருக்கும். தப்பு என் மேலே என்று தெரிந்ததால்தான் போகவில்லை. தப்பு அவன் மேலே இருந்திருந்தால் மறுநாளே சண்டைக்காவது போயிருப்பேன். வேலு, நினோவோடு உனக்கு மனக்கசப்பு வந்தால், தப்பு உன் மேலே இருக்கிற அன்றைக்கு முதலில் நீ பேசிவிடு. மற்ற நாளில் கொஞ்சம் முறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, அது தானாகச் சரியாகும்.

சேவல் நடந்த மறுநாள் வெள்ளனே எழுந்து, தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், மலைவாழைப்பழம், ஒரு வேட்டி துண்டு எல்லாம் வைத்து, முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன். உங்க அப்பா வருகிறேன் என்றார். தப்பு செய்யாத ஆள் கூட வந்தால் எனக்குப் பேச்சு வராது என்று விட்டுவிட்டுப் போனேன். பாண்டி தோட்டத்துத் தொட்டியில் கேரட் கழுவிக்கொண்டிருந்தான். தலை நரைத்துவிட்டது, வேலு. அவன் பெண்சாதி செல்வி, உன் அத்தை, என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்தாள். அவன் தலையைத் தூக்கவில்லை.

"செல்வி, வந்தவங்க என்ன சோலியா வந்தாங்கன்னு கேளு" என்றான்.

"என்ன சோலியா வந்தீங்க மதினி?"

"ஏலே பாண்டி, ஒன் மருமகனுக்குக் கல்யாணம்டா" என்றேன்.

"எந்த மருமகனுக்குன்னு கேளு. பெரியப்பன் மடியில உக்காந்த மருமகனுக்கா?"

"எந்த மருமகனுக்கு மதினி? பெரியப்பன்..."

"அவனுக்குத்தான். எனக்கு என்ன பத்துப் பிள்ளையா இருக்கு?"

"அதுக்கு அந்தப் பெரியப்பனவே மாலை போடச் சொல்லச் சொல்லு. மடியில என்னன்னு கேட்டவங்களுக்கு மாலையில மட்டும் என்னவாம்?"

செல்வி என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "இந்தாங்க, ரெண்டு பேரும் கைக்கு எட்டுற தூரத்துல நிக்கிறீங்க. நடுவுல நான் என்ன மைக் செட்டா? எனக்கு அடுப்புல வேல கெடக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நாங்கள் இரண்டு பேர்தான். பேச்சை வாங்கிக் கொடுக்க நடுவில் ஆள் இல்லை. நானும் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து கேரட் கழுவ ஆரம்பித்தேன். தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருந்தது. "தப்பு என்னுதுதான்டா" என்றேன். இதைச் சொல்ல ஒரு நிமிசம்கூட ஆகவில்லை, எண்ணிப் பார்த்தால் மூன்று கேரட் கழுவுகிற நேரம்தான். அவன் அடுத்த கேரட்டை எடுத்தான். வேறு என்ன பேசுவது என்று தெரியாமல் உன் நோட்டைப் பற்றிச் சொன்னேன். மாமா இல்லாத பையன் ஊர் ஊராக ஆள் பிடித்து மாமா என்றால் என்ன என்று கேட்டு எழுதி வைத்ததைச் சொன்னேன். டெல்லி, கென்யா, கட்டிலில் ஷூவோடு படுத்த ஜப்பான்காரர், எல்லாம் சொன்னேன். 'பேசாத மாமா' கணக்கையும் சொன்னேன்.

பாண்டி கேரட்டை வைத்துவிட்டு முதல் தடவையாக என்னைப் பார்த்தான். "அப்ப நாம ரெண்டு பேரும் சப்பான்காரங்கதான்க்கா" என்றான்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் வந்தது. அதை மறைக்க வேண்டுமே என்று, "அந்தக் கிடா என்னடா ஆச்சு? அன்னைக்கு வெட்டித் தின்னுட்டீங்களா?" என்றேன்.

"மருமகனுக்குன்னு வாங்கினத வேற யாருக்கு வெட்டுறது? வளத்தேன்."

உள்ளேயிருந்து செல்வி குரல் கொடுத்தாள். "பன்னெண்டு வருசம் மதினி! மார்கழி வந்தா அதுக்கு மப்ளர் கட்டிவிடுவாரு. எனக்கு ஒண்ணு வாங்கித் தந்ததில்ல."

"பேரு கீரு வச்சியாடா?"

அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "மருமகன்னுதான் கூப்பிட்டேன்" என்றான்.

வேலு, நீ கொடைக்கானலில் மாமா என்று எழுதிக்கொண்டிருந்த அதே வருசங்களில், மன்னவனூரில் ஒரு மனுசன் ஒரு ஆட்டைப் பார்த்து "மருமகனே, இங்க வாடா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறான். நடுவில் பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஏறத்தான் ஆள் இல்லை. இதற்கு எந்தப் பாஷையில் என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

தட்டை வாங்கிக்கொண்டான். ஆனால் ஒரு நிபந்தனை போட்டான். இங்கேதான் நீ கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

"காதுல ஓட்டை இருக்கா?" என்றான்.

"தூந்து போச்சுடா. பள்ளிக்கூடத்துல கடுக்கன் போடக்கூடாதுன்னாங்க, கழட்டினான், அப்படியே மூடிக்கிருச்சு."

"மூடிக்கிருச்சில்ல? அப்ப அது காதுகுத்தே இல்ல, ஊசி போட்டது. மாப்பிள்ள என் மடியில உக்காந்து காது குத்திக்கிடட்டும். அப்பறம் நான் மாலை எடுத்துப் போடுறேன். காது குத்தாம மாலை போட்டா அது என்ன முறை?"

"ஏலே, அவனுக்கு இருபத்தேழு வயசுடா. எழுபத்திநாலு கிலோ."

"அவன் கனம் எனக்கில்ல தெரியணும்? மாமன் நானா, நீயா?"

நான் சரி என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். உன் காது என்றாலும் முதல் தடவை கெடுத்தது நான், அதனால் இரண்டாம் தடவை வாக்குக் கொடுக்கிற உரிமையும் எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில், கோயில் வாசலில், அவன் மடியில் நீ உட்கார வேண்டும். பெரிய ஹோட்டலில் இருபது பேரை மேய்க்கிற சமையல்காரன், பெண் வீட்டார் முன்னால் எப்படி என்று கூச்சப்படாதே. பெண் வீட்டாருக்குச் சொல்லியாகிவிட்டால் கூச்சம் பாதி போய்விடும். சம்பந்தியின் கேள்விக்கும் பதில் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். எந்த மாமா எங்கே நிற்பது என்று பாண்டியிடம் கேட்டேன். அவன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அவரும் பக்கத்துலயே நிக்கட்டும்க்கா. ஒரு காதை நான் பிடிச்சுக்கிறேன், ஒரு காதை அவரு பிடிச்சுக்கிடட்டும்" என்றான். இதை அப்படியே அவருக்குச் சொல். அவருக்குப் புரியும். புரியாவிட்டால் ஜப்பான்காரர் மாதிரி செய்து காட்டு.

கல்யாணத்தன்றைக்கு ஒரு எச்சரிக்கை. நினோ "மாமா" என்று கூப்பிட்டால் அவள் அப்பா திரும்புவார். நீ கூப்பிட்டால் அவரும் பாண்டியும் சேர்ந்து திரும்புவார்கள். நான் கூப்பிட்டால் உங்க அப்பா திரும்ப வேண்டும், ஆனால் மனுசன் முப்பது வருசமாகத் திரும்பவில்லை, அன்றைக்கும் திரும்ப மாட்டார். கல்யாண வீட்டில் குழப்பம் வராமல் இருக்காது. வந்தால் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிடுங்கள். அவசரப்பட்டு மட்டும் எதையும் முடித்துவிடாதீர்கள். ஆசாரி பஸ் போனால் போகட்டும். அடுத்த பஸ் வரும்.

அச்சகத்துக்குப் போய் அந்தக் காலி இடத்தில் பாண்டியின் பெயரைப் போடச் சொல்லிவிட்டேன். எழுத்து பெரியதாக இருக்கட்டும் என்றேன். மாப்பிள்ளை பெயரைவிடவா என்று கேட்டார்கள். கொஞ்சம்தான் என்றேன்.

இத்தோடு முடித்துக் காகிதத்தை எடுத்து வைக்கப் போனேன், செல்வி போன் செய்தாள். அன்றைக்கு அப்படிச் சொல்லிவிட்டானே தவிர, எழுபத்திநாலு கிலோ மடியில் தாங்குமா என்று பாண்டிக்கு உள்ளுக்குள் ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது. இன்று காலையில் தராசில் உருளைக்கிழங்கு ஒரு மூட்டையும் கேரட் ஒரு பையும் வைத்து, சரியாக எழுபத்திநாலு வரும்வரை கூட்டிக் குறைத்து நிறுத்தியிருக்கிறான். பிறகு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அதைத் தூக்கி மடியில் வைக்கும்படி பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறான். வைத்தார்கள். நாற்காலியின் கால் நான்கும் நான்கு பக்கம் போய்விட்டன. இடுப்பில் பிடிப்பு. மூன்று வாரத்துக்கு மடியில் எதையும் வைக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கல்யாணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள்தான் இருக்கிறது. உருளைக்கிழங்குக்கு அடி எதுவும் படவில்லை.